டயலின் பின்புறப் படத்தைக் கேள்

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீ வாங்க நினைத்து அனுப்பிய ஹாமில்டன் 992 ரயில்வே பாக்கெட் கடிகாரத்தின் படங்களை நேற்றிரவு நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ இருக்கும் லான்காஸ்டரிலேயே செய்த கடிகாரம் என்பதால் உனக்கு அதன்மேல் ஆசை வந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் வரிசை எண்ணின்படி மெஷின், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம், 1910-ஐ ஒட்டியது என்கிறாய். எண்கள் எழுதிய முகப்பான டயலோ அதைவிட மிகவும் இளையதாக எனக்குத் தோன்றுகிறது.

அக்காலத்து நல்ல ரயில்வே டயல், தாமிரத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியை உருக்கிச் சுட்ட எனாமல். உயர்ந்த வகையில் வெளிவட்டம், நடுவட்டம், விநாடி வட்டம் என மூன்று தனித் துண்டுகளைச் செய்து, பின்புறம் ஈயப்பற்று வைத்து இணைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வட்டமும் கூரிய விளிம்போடு ஒரு படி இறங்குவது தெரியும். உன் படத்தில் அந்தப் படிகளே இல்லை. 1940-இல் வந்த அடுத்த மாடலான 992பி கடிகாரங்களில் பிற்பாடு பொருத்தப்பட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் டயலாக அது இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

நான் ஒருமுறை பளபளப்பை நம்பி ஏமாந்தது உனக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஓர் எண்ணாக அறுபதும் எழுதிய மான்ட்கோமரி டயலோடு வால்தம் என்ற வேறொரு அமெரிக்கக் கம்பெனியின் கடிகாரத்தை வாங்கி வந்தேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, விநாடி முள்ளின் அச்சு விநாடி வட்டத்தின் நடுவிலிருந்து மயிரிழை விலகி நின்றது. டயலைக் கழற்றினால், மெஷினின் துளைகளுக்குள் இறங்கிப் பக்கவாட்டு ஸ்க்ரூக்களால் இறுக வேண்டிய தாமிரக் கால்கள் அரத்தால் அராவப்பட்டிருந்தன. அவற்றின் அடித்தடங்களைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த பசை. வேறொரு கம்பெனியின் டயலுக்குக் கால்கள் இடம் பொருந்தாததால் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அதே நேரம், மெஷினோடு பிறந்த டயல்தான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அந்நாளில் பெரும்பாலும் மெஷினைத் தனியாக வாங்கி, டயலையும் கேஸையும் கடையில்தான் தேர்ந்தெடுத்தார்கள். பணியில் கீழே விழுந்து டயல் விரிசல் விட்டால் வேறொன்று மாற்றிக்கொண்டார்கள். ஆகவே முதல் டயல் எது என்பதைப் பெரும்பாலும் நிரூபிக்க முடியாது. அதே கம்பெனி, அதே மாடல், அதே காலம், வெட்டுப்படாத கால்கள் என்றால் அது பொருத்தமான டயல் என்று நான் ஏற்றுக்கொள்வேன். அப்படிப்பட்ட டயலில் ஓரிரு மயிரிழை விரிசல் இருந்தாலும், நீ காட்டிய மாசற்ற டயலைவிட அதையே மகிழ்ச்சியோடு வாங்குவேன்.

விற்பவரிடம் டயலைக் கழற்றிப் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல். அது வரும்வரை பணம் அனுப்பாதே. இடையில் ஒரு விடுமுறை நாளில் பக்கத்து ஊரான கொலம்பியாவில் உள்ள கடிகார அருங்காட்சியகத்துக்குப் போய், மூன்று துண்டு எனாமல் டயல் ஒன்றை நேரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு வா. படம் வந்ததும் எந்த நேரமானாலும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா