மாப்புழுப் பெட்டியைப் பற்றிக் கேட்டாயே மச்சான்

அன்பின் மச்சானுக்கு,

நீ எழுதி இரண்டு கிழமையாகிவிட்டது, குறை நினைக்காதே. அருவி வெட்டு முடிந்து நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டும்வரை இங்கே ஒருவருக்கும் இருந்து எழுத நேரமில்லை. காலபோகம் இந்தமுறை பரவாயில்லை. மகளுக்கு வட்டக்கச்சியில் படிப்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் ஐந்தரைக்கே வீடு எழும்பிவிடுகிறது. என் முழங்கால் முந்திய மாதிரித்தான். உன் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று கேட்டதில் பெரிய நிம்மதி.

சரி, கோழிக்கு வருகிறேன். பென்சன் எடுத்தபிறகு பின்வளவில் பத்துக் கோழி விடப்போகிறேன், மாப்புழு வளர்த்தால் தீனே வாங்கத் தேவையில்லை என்று வீடியோவில் சொன்னார்கள், உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மையில்லை. நீயே கணக்குப் பார். மாப்புழு என்பது மாவிலும் தவிட்டிலும் வளரும் ஒரு வண்டின் புழு. நன்றாக வளர்ந்தால் ஒரு அங்குலம் வரும், பத்தை அள்ளி நிறுத்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீன் தின்னும். அதை முழுக்கப் புழுவால் நிரப்ப நினைத்தால் உன் வீடு முழுக்கப் பெட்டிதான் இருக்கும், ஒரு கிலோ புழு எடுக்க இரண்டு கிலோவுக்கு மேல் தவிடும் போகும்.

ஆனாலும் வளர்க்கச் சொல்லித்தான் உனக்கு எழுதுகிறேன். காரணம் குஞ்சுகள்.

அம்மாவின் கறையான் முட்டி ஞாபகமிருக்கிறதா? உடைந்த முட்டிக்குள் காய்ந்த சாணியும் வைக்கோலும் பொச்சும் அடைத்து, தண்ணீர் தெளித்து, பின்னேரம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு வருவோம். விடிய நீயும் நானும் ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்து குஞ்சுக்கு முன்னால் தட்டினால் அது ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து பொறுக்கும். புரதம் என்ற சொல்லை அம்மா அறிந்திருக்கமாட்டா, ஆனால் கறையான் தின்ற குஞ்சு கெதியாகச் செட்டை முளைத்து வரும் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். இப்போது நான் கறையான் எடுப்பதில்லை. வீடு கட்டியவர்கள் அத்திவாரத்துக்கும் புற்றுக்கும் மருந்து ஊற்றியிருக்கிறார்கள், எந்தப் புற்றில் நஞ்சு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அந்த இடத்துக்குத்தான் நான் மாப்புழுவைக் கொண்டுவந்தேன். காய்ந்த எடையில் ஏறக்குறைய பாதி புரதம், மிச்சத்தில் பெரும்பங்கு கொழுப்பு.

2021ல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்திய பிறகு சோளம் விளையாமல் போய்க் கோழித்தீன் விலை ஏறியதே, 2023ல் இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவரும் அளவுக்கு வந்ததே, அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் கோழியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. மீளக் குடியேறிய வருடம் உதவியாகக் கிடைத்த குஞ்சுகளின் வழிவந்த கோழிகள் அவை. குருணலும் தேங்காய்ப் புண்ணாக்கும் முருங்கையிலையும் போட்டுப் பெரிய கோழிகளைக் காப்பாற்றிவிடலாம், குஞ்சுகள்தான் வளராமல் சோர்ந்து நின்றன. அப்போதுதான் கூண்டுப் பறவை வளர்க்கும் ஒருவரிடமிருந்து ஒரு ரின் புழு எடுப்பித்தேன்.

முதல் பெட்டி முழுக்கச் செத்தது. அதை விவரமாக எழுதுகிறேன், நீ இருக்கும் வவுனியாவும் சூட்டில் எங்களுக்குக் குறைந்த ஊரில்லை. இந்தப் புழுவுக்கு 25 முதல் 28 பாகை நல்லது, 30க்கு மேலே போனால் சோரத் தொடங்கும். நான் பெட்டியைத் தகரக் கொட்டிலில் வைத்தேன், தவிட்டையும் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன். புழு நெருக்கமாக இருந்தால் அதன் உடம்பிலிருந்தே சூடு கிளம்பும் என்று எனக்குத் தெரியாது. சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே அடுப்படிச் சாம்பல் மாதிரிச் சுட்டது. மேலே வந்து கிடந்ததெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இப்போது மண்சுவர்க் குசினியின் வடக்கு மூலையில், நிலத்துக்குக் கிட்டக் குட்டைக் கால் வைத்த பலகையில் வைத்திருக்கிறேன், தவிடு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேலே போடுவதில்லை, வெயில் காலத்தில் பக்கத்தில் ஈரச்சாக்கு தொங்கும். சாக்கு பெட்டியில் முட்டக்கூடாது, ஈரம் இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பெட்டி என்று பெரிதாக ஒன்றுமில்லை, பக்கம் வழுவழுப்பான பிளாஸ்ரிக் பேசின் மூன்று போதும், அதில் ஏறி வெளியே வராது. புழுவுக்கு ஒன்று, கூட்டுப்புழுவுக்கு ஒன்று, வண்டுக்கு ஒன்று. வண்டு முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்றுவிடும், அதனால்தான் பிரித்து வைப்பது. கோதுமைத் தவிடு நல்லது. மில்லில் எடுக்கும் நெல் தவிடு மலிவு, ஆனால் எண்ணெய் கூடியதால் கெதியில் காறல் வாடை வந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து போடு. தண்ணீர் வைக்கவே வேண்டாம், பூசினிக்காய்த் துண்டோ கரட்டோ வைத்தால் அதிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும், இரண்டு நாளில் மிச்சத்தை எடுத்துவிடு. வண்டுகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரிதட்டில் அரித்துப் புதுத் தவிட்டில் விடு, பழைய தவிட்டைக் கொட்டாதே, அதற்குள்தான் முட்டை இருக்கிறது. ஒரு மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் காலையில் தவிட்டை உற்றுப் பார்த்தால் அது தானாக அசையும். பொரித்து வந்த புழு முற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

தோல் கழற்றிய புழு பால்வெள்ளையாக இருக்கும், அதைத்தான் கோழிகள் முதலில் தேடிப் பொறுக்கும். கூட்டுப்புழு ஒன்றும் தின்னாது, சும்மா கிடக்கும், ஆனால் விரல் பட்டால் வாலை ஒருதரம் வெட்டி அசைக்கும். மகள் முதல்முறை பார்த்துப் பயந்தாள், இப்போது வண்டு பிரிப்பது அவள்தான்.

எறும்பு விடாது. பலகையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் நிறுத்து. இன்னொன்று, இது தானியத்தில் விழும் பூச்சி, அரிசிச் சாக்கும் நெல்லும் இருக்கிற அறைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. தங்கச்சி இதில் கோபப்பட்டால் நியாயம் அவ பக்கம்தான்.

கோழிக்குப் பின்னேரத்தில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும், இறகு உதிர்க்கிற நேரம் கொஞ்சம் கூட்டிப் போடு. புழுவில் கல்சியம் குறைவு, முட்டையிடுகிற பேடுகளுக்குச் சிப்பித்தூள் தனியாக ஒரு சட்டியில் இருக்க வேண்டும். நான் முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கும் மட்டிச் சிப்பியை இடித்து வைக்கிறேன்.

மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே என் வெள்ளைப் பேடு எங்கே நின்றாலும் ஓடிவரும். அதற்கு இப்போது ஒன்பது குஞ்சு, ஒன்றையும் இன்னும் பிராந்து தூக்கவில்லை.

உனக்கென்று ஐம்பது அறுபது வண்டு பிரித்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் வந்து பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு பஸ் எடுத்தால் விசுவமடுச் சந்தியில் நான் நிற்பேன். ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று மூடியில் ஊசியால் ஓட்டை குத்திக் கொண்டுவா. சித்திரை பிறப்பதற்கு முன்னால் வா, திரும்பிப் போகும்போது பஸ்ஸில் வெயில் விழாத பக்கம் இருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்