இந்தாய், பியாயா கிடைத்ததா?

அன்பு இந்தாய்,

தியா பெலென் கையில் கொடுத்தனுப்பிய பியாயா, நம் நீக்ரோஸ் தீவுப் பூரண ரொட்டி, கிடைத்ததா? சீலாய் விமான நிலையத்துக்குத் தம்பியே போய் அவளை ஏற்றிவிட்டு வந்தான். நாலு பாக்கெட். மூன்றில் மஸ்கோவாடோ நாட்டுச்சர்க்கரை, ஒன்றில் ஊபே, அந்த ஊதாக் கிழங்கு. கடைச் சரக்கு இல்லை. வேலை முடிந்ததும் முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அதே கல்லில் உனக்கென்று தனியாகப் போட்டது.

சாப்பிடும்போது வெறும் கல்லில், சின்னத் தீயில், இரண்டு பக்கமும் சூடு காட்டு. மைக்ரோவேவில் வைக்காதே. மேல்மாவு தொய்ந்துவிடும், உள்ளே பாகு நாக்கைப் பொசுக்கும்.

இந்தத் தடவை வந்த சர்க்கரை நல்ல கறுப்பு, ஆனால் ஈரம் அதிகம். அப்படியே வைத்துத் தேய்த்தால் கல்லில் போட்டதும் இளகி, ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடிக் கருகும். அதனால் பூரணத்தில் ஒரு கை மாவு கூடவே போட்டேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு இது புரிவதில்லை. எள்ளைத் தூவினால் பியாயா ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். நீ பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஒன்றுகூட ஒழுகாமல் தேய்ப்பாய். முதலாளியம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தியா போன் பண்ணினாள். கதவை வேறு ஒரு பெண் திறந்தாளாம். "கொடுத்துவிடுகிறேன்" என்று வாங்கிக்கொண்டாளாம். உன் கட்டில் இருந்த இடத்தில் வேறு யாருடைய பெட்டியோ இருந்ததாம். தியாவுக்குக் கண் சரியில்லை, மாடி மாறிப் போயிருப்பாள் என்று உன் அப்பாவிடம் சொல்லிவைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

பணம் நாள் தவறாமல் வருகிறது. தம்பியின் பீஸ் கட்டியாயிற்று. கூரைத் தகடு மாற்றியதைப் பார்த்துத் தெருவே உன்னைத்தான் புகழ்கிறது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆள் பேசாமல் பணம் மட்டும் வந்தால் அதை எண்ணக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது. இந்த மாதம் குறைந்தாலும் பரவாயில்லை. அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. சர்க்கரை ஆலை மூடியிருக்கும் மாதங்களில் நாங்கள் சமாளிக்காததா?

1985-ல் சர்க்கரை விலை விழுந்து நீக்ரோஸ் முழுக்கக் கரும்புத் தோட்டங்களில் வேலை நின்றபோது, உன் லோலா, என் அம்மா, கேட்டவர்களிடம் எல்லாம் "சாப்பிட்டாயிற்று" என்றுதான் சொன்னாள். என் கடைசித் தம்பியின் கைகால் குச்சியானதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி தானாக அரிசி கொண்டு வந்தாள். லோலா அப்போதும் வாங்க மறுத்தாள். அந்தப் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது.

அக்டோபரில் மஸ்காரா திருவிழா. தம்பி பாகோலோட் போய் ஆடப் போகிறானாம். தோன் ஹுவான் கப்பல் மூழ்கி ஊரே அழுத 1980-ல்தான் அந்தச் சிரிக்கிற முகமூடியை மாட்ட ஆரம்பித்தார்கள். சர்க்கரைக்கும் அப்போது விலை இல்லை. ஊருக்கு அது சரி. அப்புறம், போன வாரம் நீ அனுப்பிய படம் அழகாக இருந்தது. அதில் உனக்கு முடி நீளமாக இருக்கிறது. ஏப்ரலிலேயே வெட்டிவிட்டதாகச் சொன்னாயே.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு வேலை என்றால் கொஞ்சம் சாதம் தின்றுவிட்டுப் போ, காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. பியாயாவைச் சின்னத் தீயில் சூடு பண்ணு. மைக்ரோவேவ் வேண்டாம். அந்தக் கதவைத் திறந்த பெண் நல்லவளாக இருந்தால் ஊபே பாக்கெட்டை அவளுக்கே கொடுத்துவிடு.

தியாவின் மருமகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். அவனிடமும் கொடுத்தனுப்புவேன். எந்த விலாசத்துக்கு என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாலும் சரி, விலாசத்தை எழுது.

உன்
நனாய்