என்கோடரைக் கழற்றிவிட்டேன்

மாப்ள,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோதுகூட போனில் இரண்டு நிமிடம்தான் பேசினேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்களா? ஆனால் நேற்று ராத்திரி நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. சுழலும் பாகம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சாரான என்கோடரைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு மோட்டாரை ஓட்டினேன், முழு லோடில் ஒரு மணி நேரம், சூடேறியும் நிற்கவில்லை!

லோடு ஆட்டோவுக்காகச் செய்கிற அதே ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார்தான், லேப் அண்ணா கல் மிக்ஸி என்று பேர் வைத்தாரே, அதன் தம்பி. அசையாத பாகமான ஸ்டேட்டாரில் 8 பல், சுழலும் ரோட்டாரில் 6 பல், ரோட்டாரில் காந்தமும் இல்லை காயிலும் இல்லை, வெறும் இரும்புத் தகடு அடுக்கு, ஸ்டேட்டார் காயில்கள் முறைவைத்து அதை இழுத்துச் சுற்றும். 1842-இல் டேவிட்சன் ஸ்காட்லாந்தில் ரயில் இன்ஜின் ஓட்டியது இந்தத் தத்துவத்தில்தான். அதை யாரும் கண்டுகொள்ளாத காலம் போய், 2025 ஏப்ரலில் சீனா, மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து காந்தம் இல்லாத மோட்டார் என்றாலே எங்கள் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

ரோட்டார் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எந்தக் காயிலுக்கும் கரண்ட் விட முடியாது, அதற்குத்தான் என்கோடர். லோடு ஆட்டோவில் தூசியும் அதிர்ச்சியும் சூடும் முதலில் தின்பது அதைத்தான். அதனால் ரோட்டாரை ஒவ்வொரு டிகிரியாகப் பூட்டி, 30 டிகிரிக்கும் பல்ஸ் கொடுத்து, இந்தக் கரண்டுக்கு இந்த இடத்தில் இவ்வளவு ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) என்று அட்டவணை போட்டோம். ஓடும்போது வோல்டேஜிலிருந்து ரெசிஸ்டன்ஸில் விழுவதைக் கழித்துக் கூட்டிக்கொண்டே போனால் ஃப்ளக்ஸ் கிடைக்கும், அட்டவணையைப் பார்த்தால் இடம் தெரியும். காகிதத்தில் அழகு. மோட்டாருக்கு லோடு கொடுத்துச் சோதிக்கும் டைனோவில் மேட்டில் ஏறுகிற மாதிரி லோடு கொடுத்தால் இருபது நிமிடத்தில் உதறி நின்றுவிடும், ஐந்து மாதம் இதே கதை.

காரணம் காயிலில் இருக்கிற தாமிரம்தான் மாப்ள. சூடு 70 டிகிரி கூடினால் ரெசிஸ்டன்ஸ் 27 சதவீதம் கூடிவிடுகிறது, என் கணக்கோ பழைய மதிப்பையே கழித்துக்கொண்டிருந்தது. ஃப்ளக்ஸ் அதிகம் என்று நினைத்து, ரோட்டார் முன்னால் போய்விட்டது என்று முடிவு கட்டி, கரண்டைச் சீக்கிரம் நிறுத்திவிடும். இழுவை குறைந்தால் கண்ட்ரோலர் இன்னும் கரண்ட் கேட்கும், இன்னும் சூடு. போன வாரம் டீக்கடையில் பளிச்சென்று பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் காயில் கரண்ட் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறதே, அப்போது ஃப்ளக்ஸும் பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கில் மிச்சம் இருந்தால் அது ரெசிஸ்டன்ஸ் தப்பு என்பதற்கு மோட்டாரே கொடுக்கிற சாட்சி. மிச்சத்தை வைத்து ரெசிஸ்டன்ஸைத் திருத்திக்கொண்டே போக வைத்தேன், அவ்வளவுதான்.

சரி, இப்போது கவலை. வண்டி நிற்கும்போது இந்தக் கணக்கு உதவாது, சும்மா இருக்கிற காயில்களில் சின்னப் பல்ஸ் விட்டு, கரண்ட் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துத்தான் இடத்தை அறிய வேண்டும். ஒரே காயிலைப் பார்த்தால் இரண்டு இடங்கள் ஒரே மாதிரி தெரியும், பக்கத்துக் காயிலையும் கேட்டால்தான் எந்தப் பக்கம் என்று பிரிக்கலாம். மேட்டில் நிற்கிற வண்டி, பின்னால் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன், முதல் நொடியில் தப்பாகக் கணித்தால் வண்டி பின்னால் உருளும். இது எனக்குத் தெளிவாகாமல் ரோட்டுக்கு விடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன், முகம் வாடிப்போனார்.

நீ இன்வெர்ட்டரில் எட்டு வருஷம் உருண்டவன். ஸ்விட்சிங் நாய்ஸ் நடுவே அந்தச் சின்னக் கரண்டைச் சுத்தமாக அளக்க எந்த நேரத்தில் சாம்பிள் எடுப்பாய்? அலை வடிவப் படங்களைத் தனியே அனுப்புகிறேன், பார்த்துவிட்டு ஞாயிறு கூப்பிடு. பட்டறையில்தான் இருப்பேன்.

மச்சான்