ஷீல்டு தகட்டுல வெட்டு எங்கங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் அறிவியல் பக்கத்துல, சிப்புக்குள்ள இருக்குற டிரான்ஸ்பார்மர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ்ல இதெல்லாம் வருதேன்னு சந்தோஷம்தான், ஆனா ரெண்டு எடம் இடிக்குது, அதுலயும் அந்தப் படத்த பாத்துட்டு சும்மா இருக்க முடியல. நான் ஆர்எஃப் சிப்புக்கு, அதாவது வைஃபை மாதிரி ரேடியோ சிப்புக்கு, லேஅவுட் (உள்ள எது எங்க இருக்கணும்ங்குற வரைபடம்) போடுறவன்.

காயிலா சுத்துற மெட்டல தடிமனாக்குனா லாஸ், அதாவது பவர் சூடா வீணாகுறது, கொறையும்னு போட்டுட்டு அதோட நிறுத்திட்டீங்க. 50 ஹெர்ட்ஸ்ல காப்பருக்குள்ள கரண்ட் 9 மில்லிமீட்டர் ஆழம் எறங்கும், வைஃபை ஓடுற 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல வெறும் 1.3 மைக்ரான்தான். சிப்போட மேல் மெட்டல் அடுக்கு 3 மைக்ரான் வரைக்கும் போனா லாபம் தெரியும், அதுக்கு மேல காசுதான் கரையும். சரி அகலமாக்கலாம்னா, பக்கத்து சுத்தோட காந்தப்புலம் கரண்ட்ட ஒரு ஓரமா தள்ளிடுது, மிச்ச அகலம் சும்மா கெடக்கும், கூடவே கீழ சிலிக்கானோட கெப்பாசிட்டன்ஸ் ஏறிக்கிட்டே போவும். நடுவுல குழி விட்டு, உள் சுத்த ஒல்லியாக்கி சுத்துறது இதுக்குத்தான்.

இப்ப படம். காயிலோட மின்புலம் சிலிக்கானுக்குள்ள எறங்காம தடுக்க, அடியில கிரவுண்ட் ஷீல்டுன்னு ஒரு முழு தகட்ட வரைஞ்சிருக்கீங்க. அப்படி வச்சா காந்தப்புலம் அந்தத் தகட்டுலயே எதிர் கரண்ட்ட சுத்த விடும், இண்டக்டன்ஸ் விழும், லாஸ் கொறையறதுக்கு பதிலா ஏறும். தகட்ட கீத்து கீத்தா வெட்டி, எங்கயும் வளையமா மூடாம கிரவுண்ட் பண்ணணும். ஸ்டான்ஃபோர்டுல பேட்ரிக் யூவும் சைமன் வாங்கும் 1998லயே எழுதிட்டாங்க, பாலிசிலிக்கான்ங்குற சிப் அடுக்குல இப்படி வெட்டி வச்சதுல 1-2 ஜிகாஹெர்ட்ஸ்ல காயிலோட க்யூ (லாஸ் எவ்ளோ கம்மிங்குற அளவு, கூடுனா நல்லது) 33 சதவீதம் வரைக்கும் ஏறுச்சு. ஈபி டிரான்ஸ்பார்மர் கோர மெல்லிசு தகடா அடுக்குறாங்களே, தகட்டுக்குள்ள சுத்துற அதே எடி கரண்ட் சமாச்சாரம்தான், வியாசர்பாடில காயில் கட்டுற எந்த கடையில கேட்டாலும் சொல்லிடுவாங்க.

அதுக்காக ஷீல்டு போட்டா முடிஞ்சுதுன்னும் இல்ல. அது மின்புலத்ததான் தடுக்கும், காந்தப்புலம் நேரா சிலிக்கானுக்குள்ள போய்க்கிட்டுதான் இருக்கும், அதுக்கு ரெசிஸ்டிவிட்டி அதிகமான வேஃபரோ (சிப் செய்யுற சிலிக்கான் தட்டு), எஸ்ஓஐயோ (நடுவுல இன்சுலேட்டர் அடுக்கு உள்ள சிலிக்கான்) வேணும், விலை வேற. ஷீல்டால கெப்பாசிட்டன்ஸ் கூடி காயிலோட ரெசொனன்ஸ் ஃப்ரீக்வென்சியும் கீழ எறங்கும், அதுக்கு மேல அது காயிலா வேலை செய்யாது.

இத்துனூண்டு லாஸுக்கு இவ்ளோ அலட்டலான்னு கேப்பாங்க. டிரான்ஸ்பார்மரோட ரெண்டு காயிலுக்கும் க்யூ 10, கப்ளிங் (ஒண்ணோட காந்தப்புலம் இன்னொண்ண பிடிக்கிற அளவு, முழுசா பிடிச்சா 1) 0.8ன்னு வைங்க, எவ்ளோ நல்லா மேட்ச் பண்ணாலும் 78 சதவீத பவர்தான் அந்தப் பக்கம் போய் சேரும், மிச்சம் சூடு. க்யூவ 20 ஆக்குனா 88. பவர் ஆம்ப்ளிஃபையர் அவுட்புட்ல இது பேட்டரியோட நேரா மோதுற விஷயம்.

எங்க ஏரியா பாலிடெக்னிக் பசங்க உங்க பக்கத்த வெட்டி ப்ராஜெக்ட் நோட்ல ஒட்டுறாங்க, அதனால அடுத்த வாரம் படத்த மாத்தி போடுங்க. வெட்டு, காயில் போற வழிக்கு குறுக்கா இருக்கணும், நெடுக்க போட்டா மறுபடியும் தப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தண்டையார்பேட்டை, சென்னை-81