நத்தார் பப்பா ஓரவஞ்சனை செய்வாரா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் வசிக்கும், ஐந்து வயதுப் பிள்ளையின் தாய் நான். மகன் படிக்கும் முன்பள்ளியிலிருந்து இவ்வருட ஒளிவிழாவுக்கான துண்டு கடந்த வாரம் வந்தது. பிள்ளைக்குரிய பரிசை வடிவாகச் சுற்றி, பெயர் எழுதி, முதல் நாளே ஆசிரியையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றியே தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோருடனும் முன்பள்ளி நடத்துவோருடனும் பேச விரும்புகிறேன்.

கடந்த ஆண்டும் இதே முறைதான். பஞ்சுத் தாடி வைத்த நத்தார் பப்பா மணியை ஆட்டிக்கொண்டு வந்து, சாக்கைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பரிசுகளைக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்குத் தன்னைவிடப் பெரிய கரடிப் பொம்மை கிடைத்தது. என் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்திருந்த கார் கிடைத்தது. அவனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுமிக்குக் கிடைத்ததோ பழைய நாட்காட்டித் தாளில் சுற்றிய ஒரு சிறு பொதி. அதற்குள் ஒரு பிஸ்கற் பைக்கற்றும் இரண்டு பென்சில்களும் இருந்தன. சற்று நேரம் சுற்றுமுற்றும் பார்த்த அந்தப் பிள்ளை, பொதியைச் சட்டை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன்.

அன்றிரவு பாலன் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான்: "அம்மா, அவ குழப்படி செய்தவவோ? ஏன் நத்தார் பப்பா அவவுக்குச் சின்னனா குடுத்தவர்?" பப்பாவின் சாக்கு நிறைந்துவிட்டது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "அப்ப என்ரை காரை வெளியில எடுத்திருக்கலாம்தானே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சோறு தீத்தும்போதும் நித்திரையாக்கும்போதும், நல்ல பிள்ளையாக இருந்தால்தான் நத்தார் பப்பா பரிசு கொண்டு வருவார் என்று ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தவள் நானே. அந்தச் சொல்லை நம்பிய பிள்ளை, சிறிய பரிசு பெற்றவள் கூடாத பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியதில் அவன் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சிறுமியும் தன்னைப் பற்றி அப்படித்தானே எண்ணியிருப்பாள் என்பதை நினைத்தபோது அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மார்கழி மாதத்தில் வன்னியின் வீடுகளில் காசு எவ்வளவு புழங்கும் என்பது நாம் அறியாததல்ல. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த காலபோக நெல் அப்போது பச்சையாக வயலில் நிற்கும். உரத்துக்கும் களைநாசினிக்கும் கடன் ஏறியிருக்கும். தை, மாசியில் அறுவடையாகும் வரை வயலிலிருந்து கைக்கு ஒரு சதமும் வராது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து கடலைக் கொந்தளிக்க வைப்பதால் வள்ளங்கள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கும். மழை தொடர்ந்து பெய்தால் கூலி வேலையும் இல்லை. அந்தச் சிறுமியின் தாய் தனியாளாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். அந்த நாட்காட்டித் தாளின் மடிப்புகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தன என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நத்தார் பப்பா என்ற உருவத்துக்கு மூலமான புனித நிக்கலஸ், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரின் ஆயராக நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மார்கழி 6 ஆம் திகதி அவருடைய திருநாள். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண் பிள்ளைகளுக்காக, இரவில் யாரும் அறியாமல் யன்னல் வழியே பொற்காசுப் பைகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. வாங்குபவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காகத் தன்னை மறைத்துக்கொண்ட ஒருவரின் பெயரால், நாம் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துப் பரிசு கொடுக்கிறோம்.

2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் வந்த ஆழிப்பேரலையில் எங்கள் வீடு போனது. அடுத்த நத்தாரை நான் தறப்பாள் கொட்டிலில் கழித்தேன். அன்று எங்களுக்குக் கிடைத்த பொதிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். உள்ளே ஒரு வர்ணப் பென்சில் பெட்டியும் ஒரு கொப்பியும் இருந்தன. எவருடையது பெரியது என்று பார்க்க எங்களுக்கு இடமே இருக்கவில்லை. கொட்டிலுக்குக் கொட்டில் ஓடிப் படம் கீறிக் காட்டினோம்.

சொற்பக் கொடுப்பனவுக்குப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்க்கும் ஆசிரியைகளை நான் குறை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலேயே இந்த முறை வந்திருக்கும். ஆனால் பெற்றோர் தம்மால் இயன்ற தொகையை ஒரு மூடிய பெட்டியில் இட, அந்தப் பணத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரியான பரிசை முன்பள்ளியே வாங்கிக் கொடுக்கலாம். காசு இட முடியாதவர் யார் என்பதும் எவருக்கும் தெரியவராது. வசதியுள்ளவர்கள் தம் பிள்ளைக்குப் பெரிய பரிசு கொடுக்க விரும்பினால் அதை வீட்டில் வைத்துக் கொடுக்கட்டும். பங்குத் தந்தையர்களும் மறைக்கல்வி வகுப்புகளின் ஒளிவிழாக்களில் இதைக் கவனிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த யோசனையை எழுதி எங்கள் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு தாய்மார் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். ஒளிவிழாவுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தாய்,
முல்லைத்தீவு.