ஆக்சலாட்டிலை விற்கும் வண்ண மீன் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ண மீன் கடை நடத்துபவர்களுக்கும் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத வீட்டுக்கு ஆக்சலாட்டிலை, அதாவது பல்லி வடிவில் நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை இருவாழ்வியை, விற்காதீர்கள். உங்களிடம் நான் முதன்மையாகக் கேட்பது இதைத்தான்.

மெக்சிகோ நகரின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் இந்தச் சாலமாண்டரின் தாயகம். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே, ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் இருக்கும் ஊர் அது. 16 முதல் 18 டிகிரி வரை உள்ள நீரில் இது நலமாக வாழும். சென்னையில் மே மாதத்துத் தொட்டி நீர் சர்வசாதாரணமாக 30 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. 24-ஐத் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும். இரையைத் தொடாது, தலையின் இருபுறமும் மூன்று மூன்றாக விரிந்திருக்கும் செவுள்கள் சுருங்கும், அவற்றின் மேல் வெண்பூஞ்சை படரும். சூடான நீரில் உயிர்வளி குறைவு. அதன் உடலுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும். ஐஸ் பாட்டில் போட்டால் போதும் என்று சொல்லி அனுப்புவதை விட்டுவிடுங்கள். மின்தடை நேரத்தில் அவசரத்துக்கு அது உதவலாம். நாள்தோறும் நீர் குளிர்ந்து குளிர்ந்து சூடேறினால் அதுவே நோயில் கொண்டுபோய் விடும்.

கூழாங்கல் பரப்பிய தொட்டியையும் சேர்த்து விற்காதீர்கள். ஆக்சலாட்டில் இரையை மென்று தின்பதில்லை. வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். அந்த வேகத்தில் கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும்.

பண்ணைக்காரர்களே, ஒரு பெண் ஆக்சலாட்டில் ஒரே முறையில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரம் முட்டைகள்கூட இடும். அத்தனையையும் பொரிக்கவிட்டு, இடமில்லாமல் நெருக்கி வளர்த்தால் குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் திரும்ப முளைக்கும் என்பதைச் சாக்காக வைத்து அப்படி வளர்ப்பது கொடுமை. 1864-இல் பாரிசுக்கு வந்த 34 ஆக்சலாட்டில்களில் சிலவற்றைக் கொண்டு பிரெஞ்சு விலங்கியலாளர் ஒகுஸ்த் துமெரில் தொடங்கிய வம்சத்தில்தான் இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வருகின்றன. ஏற்கெனவே இவ்வளவு குறுகிப்போன வம்சத்தில் உடன்பிறந்தவற்றை மறுபடியும் இணைசேர்க்கலாமா? வம்சம் தெரியாத ஜோடி முட்டையிட்டால், அன்றே அந்த முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கேட்கக் கடினமாக இருந்தாலும், வளர்த்துச் சாகவிடுவதைவிட இது மேல்.

இவற்றை வாங்கினால் அழியும் இனத்தைக் காப்பாற்றலாம் என்றும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம். சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 இருந்தன. 2014 கணக்கெடுப்பில் 36. அங்கே கால்வாய் நீர் தூய்மையானால்தான் இனம் பிழைக்கும். வேறொரு இனமான டைகர் சாலமாண்டரின் மரபணு கலந்துவிட்ட நம் தொட்டி வம்சத்தை அங்கே கொண்டுபோய் விட முடியாது.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் ஆக்சலாட்டில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை மறைத்து விற்றால் சிக்கல் வாங்கியவர் தலையிலும் விழும்.

கோடை தொடங்குமுன் உங்கள் கடைத் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டுங்கள். ஆக்சலாட்டிலின் விலையோடு சில்லரின் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டுத் தயங்குபவருக்குக் கப்பியோ மோலியோ கொடுத்தனுப்புங்கள். அவை நம் வெயிலைத் தாங்கும்.

இப்படிக்கு,
சாலமாண்டர் வளர்க்கும் ஒருவன்