பனி உருகட்டும் என்று இருந்தவர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடுகிறேன் என்று திட்டியிருந்தாய், அதற்குக் கடைசியில் வருகிறேன். இங்கே தலைக்குந்தா பக்கம் உறைபனி, காலையில் புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் கிடக்கிறது. குன்னூரில் அவ்வளவு இல்லை என்றாலும் நம் பள்ளத்துத் தேயிலை கொஞ்சம் கருகிவிட்டது.

பக்கத்து வெலிங்டன் பட்டாளத்துக்காரர்களைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, எனக்குப் போர்க்கதைப் பித்து இன்னும் விடவில்லை. இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர். எல்லாரும் வடக்குத் தளபதி கிராண்ட், தெற்குத் தளபதி லீ என்றுதான் பேசுவார்கள். எனக்குப் பிடித்துப்போனது ஜார்ஜ் தாமஸ். வர்ஜீனியாக்காரர். 1861இல் அவர் மாநிலம் பிரிந்து போனபோது இவரோ ஒன்றியத்தின், அதாவது வடக்கின், பக்கமே நின்றுவிட்டார். அக்கா தங்கைகள் அவர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டார்களாம்! நம் ஊரில் காணித் தகராறுக்கே அண்ணன் தம்பி பேசுவதில்லை, இது நாடே இரண்டான சண்டை.

1863 செப்டம்பர் 20, ஜார்ஜியா மாநிலத்தில் சிக்கமாகா போர்க்களம். ஒரு தப்பான உத்தரவால் வடக்கு அணியில் ஓட்டை விழுந்து, படையில் மூன்றில் ஒரு பங்கு சிதறி, அந்தப் படையின் தளபதி ரோஸ்கிரான்ஸே பக்கத்து ஊரான சட்டனூகாவுக்குப் போய்விட்டார். தாமஸ் ஒரு குன்றைப் பிடித்துக்கொண்டு மாலைவரை நகரவில்லை. 'சிக்கமாகாவின் பாறை' என்று பேர் வந்தது அதனால்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த வருஷ டிசம்பர், நாஷ்வில். ஊருக்குள் தாமஸ், வெளியே ஹூட் என்ற தளபதியின் தெற்குப் படை. குதிரைப்படைக்குக் குதிரை போதவில்லை, குதிரை சேர்ந்த நேரத்தில் ஐஸ் மழை பெய்து தரை கண்ணாடியாகிவிட்டது, மேட்டில் கால் வைத்தால் ஆளும் சறுக்கும் குதிரையும் சறுக்கும். வடக்குப் படைகளுக்கெல்லாம் தலைவரான கிராண்டோ எங்கோ வர்ஜீனியாவில் உட்கார்ந்துகொண்டு 'உடனே தாக்கு' என்று தந்தி மேல் தந்தி. கடைசியில் தாமஸின் பதவியைப் பறிக்க லோகன் என்ற ஜெனரலையே அனுப்பிவிட்டார். தாமஸ் அசையவில்லை. 14ஆம் தேதி ஐஸ் உருகியது, 15ஆம் தேதி தாக்கினார், இரண்டே நாளில் ஹூடின் படை நொறுங்கியது. லோகன் வழியில் லூயிவில் நகரம் வரைதான் வந்திருந்தார், அங்கேயே செய்தி கேட்டு நின்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே, குதிரைகளை ஓடவிடாமல் இழுத்துப் பிடிப்பதால், மாணவர்கள் அவருக்கு 'மெல்லோட்டக் கிழவர்' என்கிற மாதிரி பட்டப்பேர் வைத்திருந்தார்களாம். தந்தியடித்தவர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

1870இல் சான்பிரான்சிஸ்கோவில் வேலையில் இருக்கும்போதே செத்துப்போனார். அடக்கம் நியூயார்க் மாநிலத்தில் மனைவியின் ஊரான டிராயில். ஜனாதிபதியாகிவிட்ட கிராண்ட் வந்தார். கூடப்பிறந்தவர்கள் யாரும் வரவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

சரி, என் கண் விஷயம். அதற்கும் தாமஸுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு வெறும் பயம்தான், ஒத்துக்கொள்கிறேன். மார்ச்சில் கோவைக்கு இறங்குகிறேன், ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வா. வரும்போது வர்க்கி கொண்டு வருகிறேன், வீட்டில் சொல்லிவை.

உன்
குன்னூர்க்காரன்